ஜவ்வாது மலைச் சரளைப் பாதைகள்

மோட்டாரிற் செல்வார்க்குச் சாலை என்பது இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தூரமேயாகும். அத்தூரம் எத்துணை விரைவிற் கழிகின்றதோ அத்துணை நன்று என்பர். சைக்கிளிற் செல்வார்க்கோ சாலையின் ஒவ்வொரு முழமும் உள்ளங்கையாலும் முழங்காலாலும் அறியப்படுவது. தாரிட்ட சாலை பெரும்பாலும் எவ்விடத்தும் ஒன்றுபோலவே இருக்கும். மண்ணும் சரளைக்கல்லும் கலந்த பாதை அவ்வாறன்று. காலையில் ஈரமாயிருந்த இடம் நண்பகலிற் புழுதியாகும். சென்ற மாதம் மேடாயிருந்த இடம் ஒரு மழைக்குப்பின் ஓடையாய்க் கிடக்கும். இத்தகைய பாதைகளைத் தேடிச் சென்று அவற்றிலே சைக்கிள் ஓட்டுவதை இக்காலத்தார் ஒரு தனிப் பொழுதுபோக்காகவே மேற்கொண்டுள்ளனர். அதற்கெனத் தனிச் சைக்கிள்களும் செய்து விற்கப்படுகின்றன. அதற்கு மேல்நாட்டார் இட்ட பெயரைத் தமிழாக்க நாங்கள் முயலவில்லை. நம் நாட்டுப்புறத்தில் ஏரிக்கரை உயர்த்துவோரும் வீட்டுமனை நிரவுவோரும் ‘கிராவல்’ என்னும் சொல்லை நெடுநாளாக வழங்கி வருகின்றனர் ஆதலின், ‘கிராவல் சைக்கிள்’ என்றால் அது நம்மவர்க்கு விளங்காமற் போகாது.

சென்ற பொங்கல் விடுமுறையில் எங்கள் வகுப்பினர் ஐவர் இவ்விளையாட்டின் பொருட்டு ஜவ்வாது மலைக்குச் சென்று வந்தோம். வாணியம்பாடியில் இரயிலை விட்டிறங்கி, ஆலங்காயம், காவலூர் வழியே மலையேறி, ஜமுனாமரத்தூரில் இரண்டு இரவு தங்கி, அதனைச் சூழ்ந்த சிற்றூர்ப் பாதைகளிற் சுற்றி, பின்னர் அத்திமூர் வழியாகப் போளூருக்கு இறங்கி, அங்கிருந்து காட்பாடி மார்க்கமாக இரயிலில் மீள்வது என்பது எங்கள் ஏற்பாடு. இப்பயணத்தைப் பற்றி எழுதுமாறு ஆசிரியர் பணித்தபொழுது, ஏற்ற இறக்கங்களையும் இயற்கை வனப்பையும் மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்று சிலர் கூறினர். ஆயினும் அங்கே எங்களுக்கு நேர்ந்த ஒரு வேலையை விடுத்து எழுதுதல் இயலாதாயிற்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் மலையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அது பரந்து கிடக்கின்றது. உதகையைப்போலவோ கொடைக்கானலைப்போலவோ வானளாவிய மலையன்று. அதன் உயர்ந்த முடிகளும் ஏறத்தாழ 1,100 மீட்டர் அளவினவே. 14 கொண்டையூசி வளைவுகளை உடைய ஏலகிரிக்கு ஞாயிறுதோறும் கார்கள் வரிசையிட்டு ஏறுகையில், அதற்கு அண்மையிலேயே உள்ள இம்மலையைப் பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. எங்களைப் போன்றோர்க்கு அது நன்மையே. மலைமேல் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். இப்பெயரைக் கேட்டுக் கேரள நாட்டாரென்று மயங்குதல் கூடாது. இவர்கள் தமிழ் பேசுபவர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர் என்பது இவர்களிடையே வழங்கும் வரலாறு. சாமை விளைவிப்பர். புளியும் பலாவும் தேனும் இம்மலையின் செல்வம்.

எங்கள் வாகனங்களைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். ஐவரில் இருவரிடம் புதிய கிராவல் சைக்கிள்கள் இருந்தன. ஆட்டுக்கொம்பைப்போலக் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி, 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், வட்டத் தகட்டுப் பிரேக், பலவகைப் பற்சக்கரங்கள் ஆகியன அவற்றின் இலக்கணம். மற்ற இருவர் சாதாரண கியர் சைக்கிள்களில் வந்தனர். ஐந்தாமவரோ தம் பாட்டனார் ஓட்டிய பழைய கறுப்புச் சைக்கிளையே துடைத்து எண்ணெயிட்டுக் கொண்டுவந்தார். அதனைக் கண்டு புதிய சைக்கிள்காரர் நகைத்தார். நகைப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அவ்வகைச் சைக்கிளின் டயரில் ‘28 × 1½’ என்று பொறித்திருக்கும். ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். அவ்வளவு டயரையே இன்றைய அளவுமுறையிலும் 40 மில்லிமீட்டர் என்று குறிக்கின்றனர். ஆகவே, நூதனமென்று பெரும்பொருள் கொடுத்து வாங்கும் அகலத்தை நம் பாட்டன்மார் வயல்வரப்பிலும் வண்டிப்பாட்டையிலும் பேசாமல் உருட்டிக்கொண்டிருந்தனர் என்பது பெறப்படும்.

ஆனால் டயர் ஒன்றே சைக்கிளாகிவிடாது. ஆலங்காயத்தைக் கடந்து ஏற்றம் தொடங்கியதும் பாட்டனார் சைக்கிளின் குறை வெளிப்பட்டது. அதில் மிதியின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுழலும். சமநிலத்துக்கு அது தக்கது. கிராவல் சைக்கிளின் மிகத் தாழ்ந்த கியரிலோ மிதி ஒரு முழுச்சுற்று வந்தாலும் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவே சுழலும். ஆதலின் அவ்விருவரும் மெதுவாக, ஆனால் இறங்காமல் ஏறினர். எங்கள் ஐந்தாமவர் இரண்டாம் வளைவிலேயே இறங்கித் தள்ளத் தொடங்கினார். தள்ளியவரும் மிதித்தவரும் மேலே வந்து சேர்ந்த நேரத்தில் பெரும் வேறுபாடில்லை என்பதையும் நடுவுநிலைமையோடு கூறவேண்டும்.

காவலூர் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே விண்ணாய்வுக் கூடம் ஒன்று உண்டு. வைணு பாப்பு என்னும் விஞ்ஞானி, ஊர்விளக்கொளி படாத கரிய வானத்தை வேண்டி 1960களில் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1977 ஆம் ஆண்டில், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபொழுது, அக்கோளைச் சூழ்ந்து வளையங்கள் உண்டென்பதை வெளிப்படுத்திய கண்காணிப்புகளில் காவலூரிற் செய்யப்பட்டதும் ஒன்று. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 ஆம் ஆண்டில் இங்கே திறந்து வைக்கப்பெற்றது. கணித மேதை இராமானுஜன் பெயர் தாங்கிய சிறுகோளும் 1988 இல் இங்கிருந்தே கண்டறியப்பட்டது. யுரேனஸை எட்டிய இம்மலையிலிருந்து பக்கத்து ஊர் மருத்துவமனையை எட்டுவது சில குடிகளுக்கு எவ்வளவு அரிது என்பதை மறுநாள் அறிந்தோம்.

ஜமுனாமரத்தூர் வரை தார்ச்சாலையே. அங்கிருந்துதான் எங்கள் உண்மைப் பயணம் தொடங்கிற்று. இனி வரும் பாதைகளின் பெயரை வேண்டுமென்றே கூறாது விடுகின்றோம். அவற்றுட் சில காப்புக்காட்டின் ஓரமாகச் செல்வன. காட்டுக்குள் நுழைவதாயின் வனத்துறையினரிடம் முன்னதாக அனுமதி பெறுதல் வேண்டும். பெயரை அச்சிற் கண்டு மோட்டார் சைக்கிளிற் கூச்சலிட்டு வருவோர் எம்மினும் பலராதலின், விசாரித்து வருவோர்க்கு வாயாற் சொல்வதே தக்கதென்று துணிந்தோம்.

அப்பாதைகள் செம்மண் பாதைகள். டிராக்டர் சக்கரங்கள் அழுத்திய இரண்டு தடங்கள். நடுவே புல் முளைத்த ஒரு மேடு. தடத்தில் மண் இறுகிக் கிடக்கும். விளிம்பில் உதிரிக் கற்கள் ஒதுங்கியிருக்கும். சைக்கிள் ஓட்டுவோன் தன் தடத்தைத் தேர்ந்துகொண்டு அதனை விடாமற் செல்லவேண்டும். ஒரு தடத்திலிருந்து மற்றதற்கு மாறும்பொழுதே சக்கரம் வழுக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின்மீது பாரம் குறைந்து அது வீணே சுழலும். உட்கார்ந்தபடியே, மூக்குக் கைப்பிடியை நோக்கும் அளவிற்குக் குனிந்து மிதிக்கவேண்டும். இறக்கத்தில் இதற்கு மாறாக உடலைப் பின்னுக்குத் தள்ளி, வளைவுக்கு முன்னரே வேகத்தை அடக்கி, வளைவினுள் பிரேக்கைத் தொடாமலிருத்தல் வேண்டும். கைப்பிடியை இறுகப் பற்றுதல் தவறு. கற்கள் சக்கரத்தைச் சிறிது இப்பாலும் அப்பாலும் தள்ளத்தான் செய்யும்; தள்ளவிட்டால் அது தானே நேராகும்.

டயரின் காற்றைப் பற்றி எங்களுக்குள் நெடிய வாதம் நடந்தது. கடைகளிற் காற்றடிப்போர் கல்லைப்போல் இறுகும்வரை அடித்தால்தான் மனநிறைவடைவர். சரளைப் பாதைக்கு அது ஆகாது. 40 மில்லிமீட்டர் டயரில் 35 முதல் 40 பவுண்டு அழுத்தமே எங்கள் எடைக்குப் போதுமானதாயிருந்தது. காற்று மென்மையாயிருந்தால் டயர் கல்லை அணைத்துச் செல்லும். இறுகியிருந்தால் ஒவ்வொரு கல்லின்மீதும் ஏறி விழும். மிகக் குறைத்தாலோ கல்லுக்கும் விளிம்புக்கும் இடையில் டியூப் நசுங்கி இரண்டு துளைகள் விழும். புதிய சைக்கிள்கள் இரண்டிலும் டியூபே இல்லை. முள் தைத்த துளையை உள்ளிருந்தே அடைக்கும் பசைநீரை அவற்றினுள் ஊற்றியிருந்தனர். முதல்நாள் மட்டும் நெருஞ்சி முள்ளால் மற்ற மூவர்க்கும் நான்கு பஞ்சர்கள்; அவ்விருவர்க்கும் ஒன்றுமில்லை. பாட்டனார் சைக்கிளின் பெருமையைப் பேசிய நாங்கள் இவ்விடத்திற் புதியதன் பெருமையையும் ஒப்புக்கொள்கின்றோம்.

ஓரிடத்தில் பாதை முழுவதும், துணி துவைக்கும் பலகையிற் கீறிய வரிகளைப்போல், குறுக்கே அலையலையாய் மடிந்து கிடந்தது. இவ்வலைகளை எவரும் வெட்டுவதில்லை. உலர்ந்த சரளைமேல் ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேற் சக்கரங்கள் ஓடும்பொழுது, சிறு மேட்டில் ஏறித் துள்ளி விழுந்த இடத்தைக் குழித்து, அடுத்த மேட்டைத் தாமே எழுப்பிச் செல்கின்றன. பின்வரும் சக்கரங்கள் அதனையே வளர்க்கின்றன. மெதுவாகச் செல்லும் மாட்டுவண்டியால் இவை தோன்றா. எங்களில் பௌதிகம் பயிலும் நண்பர் இதனை விளக்கிக்கொண்டே வந்தார். அவர் குரலும் அலையலையாகவே வந்தது.

அன்று நாங்கள் கண்ட பாதைகளில் மிகச் சிறந்தது, தார்ச்சாலையினின்று பிரிந்து, ஒரு காட்டுத் துண்டைக் கடந்து, முப்பது வீடுகளுக்கு மேற்படாத ஒரு சிற்றூரில் முடிவது. எங்கள் கருவியின் கணக்கில் அது 2.9 கிலோமீட்டர், அதிற் காட்டினூடே செல்வது 1.8 கிலோமீட்டர். செங்குத்தான இரண்டு ஏற்றங்கள், மழைநீர் அறுத்த ஏழு பள்ளங்கள், ஒரு பெரும் புளியமரத்தடியில் திடீரென வளையும் ஓர் இறக்கம். புதிய சைக்கிள்காரர் அதனை மும்முறை ஏறி இறங்கினார். ஒவ்வொரு பள்ளத்தின் ஆழத்தையும், எப்பக்கம் ஒதுங்கிச் சென்றால் சக்கரம் வழுக்காது என்பதையும் எங்களில் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிவந்தார். அடுத்த ஆண்டு வருவோர்க்கு உதவும் என்பது எண்ணம்.

அவ்வாறு குனிந்து நிலத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த எங்களை, சாமைக் கதிரடிக்கும் களத்திலிருந்து முதியவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, பின்னர் அருகில் வந்தார்.

“ரோடு அளக்க வந்தீங்களா தம்பி?” என்றார்.

“இல்லீங்க ஐயா. சைக்கிள் ஓட்ட வந்தோம்.”

“இந்த ரோட்லயா?” என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பை நாங்கள் எளிதில் மறவோம். அதில் ஏளனம் இல்லை. வேண்டுமென்றே வெயிலில் நிற்பவனைக் கண்டால் நிழலில்லாதவனுக்கு எழும் வியப்பே அதில் இருந்தது.

எங்களை வீட்டுத் திண்ணையில் அமர்த்தி நீர் கொடுத்தார். பேச்சு தானாகவே பாதைக்குத் திரும்பிற்று. சென்ற ஐப்பசி மழையில் அவர் மருமகளுக்கு இரவிலே பேறுவலி கண்டதாம். 108 ஆம்புலன்ஸ் வந்தது. வந்து தார்ச்சாலை முனையிலேயே நின்றுவிட்டது. அன்றைய மழையில் எங்கள் ஏழு பள்ளங்களும் ஏழு ஓடைகளாயிருந்தன. மூங்கிற் கழியிற் கம்பளியை டோலியாகக் கட்டி, நால்வர் தூக்க, இருவர் விளக்குப் பிடிக்க, காட்டினூடே கொண்டு சென்றனர். புளியமரத்தடி வளைவிலே, நாங்கள் மும்முறை களித்து இறங்கிய அவ்விடத்திலே, குழந்தை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தனர். குழந்தை எங்கள் எதிரிலேயே பாட்டியின் இடுப்பிலிருந்து எங்கள் தலைக்கவசங்களைப் பிடித்திழுத்துக்கொண்டிருந்தது.

“திங்கக்கெழம திருவண்ணாமலையில கலெக்டரு மனு வாங்குறாரு. படிச்ச புள்ளைங்க, நீங்க ஒரு மனு எழுதிக் குடுத்தா நான் கொண்டுபோய்க் குடுத்துடுவேன்” என்றார் முதியவர். முன்னர்ப் பிறர் எழுதிய மனுக்களும் உண்டாம். ‘சாலை வசதி செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்’ என்ற ஒரே வரியில் அவை முடிந்தனவாம். மறுநாட் காலையில் கொண்டுவந்து தருவதாகக் கூறி விடைபெற்றோம்.

அன்றிரவு ஜமுனாமரத்தூர் விடுதியில் மனு எழுதுமுன் எங்களுக்குள் எழுந்த விவாதத்தை ஒளிக்க வேண்டுவதில்லை. புதிய சைக்கிள்காரர் முதலிற் பேசினார். அவர் கல்நெஞ்சரல்லர், பாதையின்மீது உண்மையான அன்புடையவர். இத்தாலி நாட்டிலே சியென்னா நகரைச் சூழ்ந்த குன்றுகளில் ‘வெண்சாலைகள்’ எனப்படும் சுண்ணச் சரளைப் பாதைகள் உண்டு. அவையெல்லாம் தாரின் கீழ் மறைந்துபோகுமென்று அஞ்சி, கயோலே என்னும் சிற்றூரில் 1997 ஆம் ஆண்டில் பழைய சைக்கிள்களில் ஓட்டும் ஒரு விழாவைத் தொடங்கினர். ‘எரோயிக்கா’ என்பது அதன் பெயர். அதன் வழியாகவே 2007 ஆம் ஆண்டு முதல் பெரும் பந்தய வீரர்களும் அப்பாதைகளில் ஓடுகின்றனர். புழுதி படிந்த அவர்தம் முகங்களை உலகமெல்லாம் காண்கின்றது. விளையாட்டினால் ஒரு நாட்டின் பழம்பாதைகள் பிழைத்தன. நாமும் அவ்வாறு செய்யலாகாதா என்பது அவர் வாதம். தார் போட்டால் விரைவில் மோட்டார்கள் வரும். பின்னே விடுதிகள் வரும். ஏலகிரிக்கு நேர்ந்தது இதற்கும் நேரும் என்றும் கூறினார். அதிலும் பொருளில்லாமலில்லை.

இதற்கு மறுமொழி கூறியவர் அணைக்கட்டுப் பக்கத்து நண்பர். அவர் வாதம் செய்யவில்லை. நடந்த ஒன்றைக் கூறினார். 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் ஊருக்கு அண்மையிலுள்ள அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. நல்ல சாலையின்மையால் மருத்துவமனை சேருமுன்னரே குழந்தை இறந்தது. வேலூரிற் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தில் நின்றது. அதற்கு மேல் தாய் அதனைக் கையில் ஏந்தி நடந்து சென்றாள். பத்திரிகைகளெல்லாம் அதனை வெளியிட்டன. இத்தாலியின் வெண்சாலையில் மோட்டார் செல்லும், இப்பாதையில் மழைக்காலத்திற் செல்லாது, இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதுதான் பிழை என்று அவர் முடித்தபொழுது சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அம்மௌனத்தை நீக்கியவர் பௌதிக நண்பர். அவர் கேட்ட வினா இது: நாம் கேட்கவேண்டியது தாரா, சாலையா? ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வழியில் தாரிட்ட கிளைச்சாலை ஒன்று ஓரங்களெல்லாம் பிட்டைப்போல் உதிர்ந்து கிடந்ததை நாங்கள் அனைவரும் கண்டிருந்தோம். அதில் வடிகால் இல்லை. மழைநீர் தாரின் ஓரத்தைத் தின்று, அடிமண்ணைக் கரைத்து, மேலே கறுப்புத் தோலை மட்டும் விட்டிருந்தது. அதனினும் நம் செம்மண் பாதையே மேல் என்று அப்பொழுதே கூறியிருந்தோம். இங்கிலாந்தில் 1816 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரச் சாலைகளின் பொறுப்பை ஏற்ற மக்காதம் என்பவரின் கொள்கையும் இதுவே. ‘மெக்கடம்’ சாலை என்று நம் சாலை மேஸ்திரிகள் கூறுவது அவர் பெயரையே. பாரத்தைத் தாங்குவது கல்லன்று, அடியிலுள்ள மண்ணே. அம்மண் உலர்ந்திருக்குமளவும் எப்பாரத்தையும் தாங்கும். மேலே இடும் கல் நீர் உட்புகாமற் காக்கும் கூரையே என்பது அவர் துணிபு. ஆகவே சாலையை நிலத்தினும் சற்று உயர்த்தி, நடுவை மேடாக்கி, இரு பக்கமும் நீர் வடியச் செய்து, 6 அவுன்ஸ் எடைக்கு, அஃதாவது ஏறத்தாழ 170 கிராமுக்கு, மேற்படாத உடைகற்களையே பரப்பச் செய்தார். தார் பின்னர் வந்தது.

இவ்விளக்கம் எங்கள் விவாதத்தை வேறு திசைக்குத் திருப்பிற்று. சரளைப் பாதை கெட்ட பாதையன்று. கேட்பாரற்ற பாதையே கெட்ட பாதை. தார் வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவ்வூரார். விடுமுறையில் வரும் நாங்கள் அல்லேம். ஆனால் நீர் எங்கே பாதையை அறுக்கின்றது, எவ்வளவு அறுத்திருக்கின்றது என்பதை அளந்து எழுதிக் கொடுப்பது எங்களால் இயலும். அதற்கான குறிப்பு முழுவதும் எங்கள் பையிலேயே இருந்தது! அடுத்த ஆண்டு விளையாட வருவோர்க்கென்று எழுதிய ஏட்டைப் பிரித்து வைத்து, ஏழு பள்ளங்களையும் வரிசைப்படுத்தினோம். தார்முனையிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் தூரத்தில் உள்ளது, எத்தனை முழ ஆழம், நீர் எப்பக்கத்திலிருந்து வருகின்றது என்றெல்லாம் அதிற் கண்டபடியே எழுதி, எந்தெந்த இடத்திற் குழாய்ப்பாலம் வேண்டும் என்று குறித்தோம். புதிய சைக்கிள்காரரே வழிப்படம் வரைந்தார். அப்பாதையை மும்முறை ஏறி இறங்கியவர் அவரே ஆதலின், அவரளவு அதனை அறிந்தவர் எங்களில் வேறொருவர் இல்லை.

ஒரு தடை எஞ்சி நின்றது. காட்டினூடே செல்லும் 1.8 கிலோமீட்டரைச் சாலையாக்க வனச் சட்டம் குறுக்கே நிற்கும். முன்னைய மனுக்களும் அக்காரணத்தாலேயே திரும்பின என்று முதியவர் கூறியிருந்தார். சட்டக்கல்வியில் விருப்பமுடைய எங்கள் நண்பர் இதற்கு வழி காட்டினார். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பள்ளி, மருந்தகம், சாலை முதலிய பொதுவசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை விட்டுக்கொடுக்க இடந்தருகின்றது. வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75க்கு மேற்படுதல் கூடாது. கிராம சபை பரிந்துரைத்தல் வேண்டும். 4 மீட்டர் அகலமுள்ள சாலைக்கு 1.8 கிலோமீட்டர் என்றால் 7,200 சதுர மீட்டர். அது முக்கால் ஹெக்டேருக்கும் குறைவு. கணக்கை இருமுறை சரிபார்த்து மனுவில் அப்படியே எழுதி, கிராம சபைத் தீர்மானத்தின் நகலை இணைக்குமாறும் முதியவர்க்குத் தனித்தாளில் எழுதிவைத்தோம். எழுதி முடிக்கையில் மணி ஒன்றரை. வெளியே வந்து நோக்கினோம். பாப்பு தேர்ந்தெடுத்த அக்கரிய வானம் எங்கள் தலைக்கு மேலே விண்மீன் நிறைந்து கிடந்தது. மறுநாள் இறக்கம் நெடியது என்பதை நினைத்து உறங்கச் சென்றோம்.

காலையில் அப்பாதையில் மறுபடியும் சென்றோம். பனி ஈரத்தில் மண் இறுகி, புழுதியெழாமல், சக்கரம் ஓசையின்றி ஓடிற்று. இதைவிட நல்ல ஓட்டம் அம்மூன்று நாளில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனைச் சொல்ல நாங்கள் கூசவில்லை.

முதியவர் களத்திலேயே காத்திருந்தார். மூன்று பக்கமுள்ள மனுவை எங்களில் ஒருவர் உரக்கப் படித்தார். ஊரார் பலர் சூழ்ந்து நின்று கேட்டனர். பள்ளங்களின் கணக்கு வந்தபொழுது, நான்காம் பள்ளத்துக்கு நீர் வடக்கிலிருந்து வருவதாக நாங்கள் எழுதியிருந்ததோடு, ஐப்பசியில் மேற்கிலிருந்தும் வருமென்று ஓர் இளைஞர் சேர்த்துச் சொன்னார்; அதனையும் எழுதிக்கொண்டோம். சட்டத்தின் எண்ணை மட்டும் முதியவர் இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பின்னர்ச் சற்று யோசித்து,

“எல்லாம் சரியா இருக்குது தம்பி. அந்தப் புளியமரத்த மட்டும் வெட்டாம போடச் சொல்லி ஒரு வரி எழுது. ஊருப் பொது மரம் அது, வருசா வருசம் புளி ஏலத்துலதான் மாரியாயி பண்டிக நடக்குது” என்றார்.

மரத்தைச் சுற்றிச் சாலை வளையுமாறு வழிப்படத்தில் அவ்விடத்தைத் திருத்தி, மனுவின் அடியிலும் அதனைச் சேர்த்து எழுதினோம். முதியவர் கையொப்பமிட்டார், மற்றவர் சிலர் கையொப்பமும் சிலர் பெருவிரற் குறியும் இட்டனர். மனு, ரேஷன் அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறையினுள் மடித்து வைக்கப்பட்டது. பகல் 11 மணிக்கு, ஆளுக்கொரு படி சாமை அரிசியைப் பையில் ஏற்றிக்கொண்டு, அத்திமூர் வழியாகப் போளூரை நோக்கி இறங்கத் தொடங்கினோம்.